ஒப்பந்த மாமன்

1943 மார்ச் 14, ஞாயிறு

அப்பாவைப் புதைத்து இன்றோடு எட்டு நாள். பள்ளிக்கூடத்து அலமாரியில் எழுதாத நோட்டு ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ரப்பர் தோட்டத்தில் நோட்டைத் திருட ஆள் கிடையாது. உப்பு டப்பாவை ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுத் திரும்பினால்தான் சேதி தெரியும்.

ஜப்பான்காரன் வந்ததும் இது 2603ஆம் வருஷம் என்று சொல்லிவிட்டான். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னான். வருஷத்தையே மாற்றத் தெரிந்தவனுக்கு, மலேரியாவில் கிடந்த அப்பாவுக்கு நாலு கொய்னா மாத்திரை கொடுக்கத் தெரியவில்லை. அவன் வருஷத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும். நான் 1943 என்றுதான் எழுதுவேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது பதின்மூன்று. தம்பி தணிகாசலத்துக்கு ஆறு. அவனைப் பெற்ற அன்றே அம்மா போய்விட்டாள். சபாபதி வாத்தியாரின் பிள்ளைகள் என்று இங்கே எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு கண்ணால் அழுதுகொண்டு மறு கண்ணால் எங்கள் அரிசிப் பானையைப் பார்த்தார்கள். பானையில் இருந்தது மரவள்ளிக்கிழங்கு. அதைப் பார்த்த பிறகு அழுகை சீக்கிரம் நின்றுவிட்டது.

மார்ச் 17

கங்காணி வீட்டம்மா வந்தாள். மூன்று பெண்களைப் பெற்றவள். தணிகையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள், கன்றுக்குட்டி வாங்க வந்தவளைப் போல.

"இவனை நாங்க வளத்துக்குறோம். கொள்ளி போட எங்களுக்கும் ஒரு பையன் வேணுமில்ல. நீ கிராணி ஐயா பங்களாவுக்கு வேலைக்குப் போயிரு. உனக்கென்னடி, மூணு வேளைச் சோறு."

"அவன் என் பக்கத்திலே படுத்தாத்தான் தூங்குவான்," என்றேன்.

"ரெண்டு நாள் அழுவான். அப்புறம் பழகிரும்."

கிராணி என்பவர் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு துரையின் நாற்காலியில் உட்கார்ந்து துரையாகவே ஆகிவிட்டார். மாதக் கடைசிக்குள் வாத்தியார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அவர் உத்தரவு.

தணிகைக்கு எதுவும் சொல்லவில்லை. அவன் அந்த அம்மாள் கொடுத்த அவித்த கிழங்கைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். வெட்கம் கெட்டவன்.

மார்ச் 22

ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் கிராணி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு காகிதத்தைப் படித்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். மூன்றே மாதம். வெள்ளைச் சோறு, புதுத் துணி, தினம் ஒரு வெள்ளி. கேட்டுக்கொண்டிருந்த பாதிப் பேர் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல பயிற்சி.

முதலில் ஒண்டிக்கட்டைகள் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்து, பார்த்துக்கொள்ளப் பொம்பளை இல்லாத வீட்டு ஆம்பளையை மட்டும் விட்டுவிடுவார்கள்.

எனக்கு முன்னால் பூமாலை நின்றான். புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன். நாற்பது வயது இருக்கும். கல்யாணமும் இல்லை, கையெழுத்தும் தெரியாது. ஜப்பான் சிப்பாய்கள் முதன்முதலில் வந்தபோது மூன்று நாள் புகைக்குள்ளேயே ஒளிந்திருந்து, கருவாடு மாதிரி வெளியே வந்தவன். காகிதத்தைப் படித்து முடித்ததும் அவன் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 23

புகைக்கொட்டகைக்குப் போனேன்.

"பசியாறிட்டியா பாப்பா?" என்றான்.

"உங்களுக்குப் பெண்டாட்டி இல்லே, பிள்ளை இல்லே. முதல் லாரியிலே நீங்கதான்."

"தெரியும் பாப்பா. காலையிலேருந்து நாலு தடவை காட்டுப் பக்கம் ஒதுங்கிட்டு வந்துட்டேன்."

இப்படிப்பட்ட மாவீரனிடம்தான் பேசவேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அம்மாவும் அவனும் நாகப்பட்டினத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே கப்பலில் வந்தால் இங்கே அதுவும் ஓர் உறவுதான். அம்மாவுக்குத் தம்பி முறை என்று சொல்லி எங்களைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டால் அவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள். எங்களையும் பிரிக்க மாட்டார்கள்.

"வாத்தியார் பொண்ணுன்னா வாத்தியார் பொண்ணுதான்," என்றான். பிறகு, "உங்களுக்கு நான் சோறு போடணுமா?" என்று கேட்டான்.

எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் படித்துக் காட்டினேன். தணிகையை அடிக்கக் கூடாது. வீட்டுக்குள் எச்சில் துப்பக் கூடாது. ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறுநாள் அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைக்கரியில் கட்டைவிரலைத் தேய்த்து உருட்டினான். போதாதென்று மறுபடி உருட்டியதில் ரேகை இரண்டாக விழுந்தது.

மார்ச் 24

கிராணி நம்பவில்லை. ரெங்கசாமி கங்காணி அதற்கு மேல் நம்பவில்லை. அவர் பெண்டாட்டிக்குப் பையன் கைநழுவிப் போகிறான் அல்லவா. ஆனால் ஒரே கப்பல் என்பதை மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. பூமாலை இரண்டு பேரையும் பார்த்துத் தரையில் நெற்றி படுகிற மாதிரி குனிந்தான். பார்க்க எனக்கே கூசியது. பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 11

பூமாலை குறட்டை விடுகிறான். தணிகை அதைக் கேட்டு லாரி வருகிறது என்று ஒரு நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 19

அரிசி கொடுத்தார்கள். ஆளுக்குக் கைப்பிடி. பூமாலை தன் பங்கைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று போய்விட்டான். ஓசிச் சோற்றுக்கு அலைகிறவன். பவுனம்மாவிடம் என்ன குழம்பு என்று கேட்டேன். அவள் விழித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள், கருவாடாகத்தான் இருக்கும்.

மே 6

முதல் லாரி வந்தது. இருபத்திரண்டு பேர். பவுனம்மாவின் புருஷனும் அதில் ஒருவர். ஒண்டிக்கட்டைகள் போதவில்லை என்று அவரையும் ஏற்றினார்கள். அவருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், அதனால் போகலாம். இதுதான் கிராணியின் நியாயம்.

லாரி போகும்வரை பூமாலை தணிகையைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டே நின்றான். கேடயம் பிடித்த மாதிரி. பெண்கள் அவனைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். நானும் துப்பியிருப்பேன். ஆனால் கேடயத்தைச் செய்து கொடுத்ததே நான்தான்.

மே 30

வயிற்றுவலி. வேலைக்குப் போகவில்லை.

ஒரு விஷயத்தை இந்த நோட்டில்கூட எழுதப்போவதில்லை. யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான். தெரிந்தால் ஊர் கூடிக் குலவையிடும், நான் இனிமேல் சின்னப்பிள்ளை இல்லை என்று தம்பட்டம் அடிக்கும். பிறகு இந்த வீட்டில் பொம்பளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் இருந்த ஒரே கோணிச்சாக்கைக் கிழித்துவிட்டேன். உறுத்துகிறது.

மே 31

பூமாலையின் வேட்டி பாதியாகிவிட்டது. மிச்சப் பாதி துவைத்து மடித்து என் பாய்மேல் கிடந்தது. கேட்டதற்கு, "எலி கடிச்சிருச்சு பாப்பா, எனக்கு இதுக்கு மேல ஆகாது," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். எலி கத்திரிக்கோல் போட்டு வெட்டியதுபோல நேராகக் கடித்திருந்தது. இருக்கிற ஒரே வேட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன். முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 3

தணிகைக்குக் காலில் புண். பூமாலை ஏதோ இலையை மென்று வைத்துக் கட்டினான். ஆறிவிட்டது. தானாகவே ஆறியிருக்கும்.

ஆகஸ்ட் 9

எல்லாம் போயிற்று.

ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் ஆற்றுக்குத் துவைக்கப் போவேன். இன்றைக்குப் பவுனம்மா வந்துவிட்டாள். துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போட்டாள் பாருங்கள் ஒரு குலவை, மரத்தில் இருந்த குரங்குகள்கூட ஓடிவிட்டன. அரை மணிக்குள் லயத்து வரிசை வீடுகளெல்லாம் திரண்டுவிட்டன. தின்னக் கிழங்கு இல்லை, கட்டத் துணி இல்லை, ஆம்பளைகளில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. ஒரு பெண் பெரியவளானாள் என்றால் மட்டும் இவர்களுக்கு உயிர் வந்துவிடுகிறது.

"மூணு மாசமா மறைச்சிருக்கா பாரு, கள்ளி!" என்று பவுனம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் கண்ணில் தண்ணீர். என்னை வீட்டுப் பின்மூலையில் உட்கார வைத்தார்கள்.

கங்காணி வாசலில் நின்று பேசியது பலகைச் சுவர் வழியாக நன்றாகக் கேட்டது.

"நல்ல சேதிதான். வீட்டுல பொம்பளை வந்தாச்சு. அப்போ பூமாலை பேரு வெள்ளிக்கிழமை லாரியில. அதுக்கு முந்தி மாமன் முறை செய்யட்டும். பச்சை ஓலை வெட்டியாந்து ஊர் பாக்கக் குச்சு கட்டட்டும். கட்டலேன்னா அவன் மாமனே இல்லே. அப்புறம் இந்தப் பையன் எந்த வீட்டுல இருக்கணும்னு நான் சொல்றேன்."

பெரியவளான பெண்ணுக்கு ஓலைக்குடிசை கட்டுவது தாய்மாமன் உரிமை. வேறு யார் கட்டினாலும் அது செல்லாது. கங்காணிக்கு அது தெரியும். பூமாலையின் முழங்காலையும் அவருக்குத் தெரியும். மரவள்ளிக் கொல்லைக்கு அந்தப் பக்கம் காடு. ஏற்கெனவே எட்டுப் பேர் அதில் ஓடியிருக்கிறார்கள். பூமாலையும் ஓடுவான், பையன் தானாகக் கைக்கு வருவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

பொழுது சாயும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பூமாலையின் இருமல் கேட்டது. முறைப்படி அவன் என்னைப் பார்க்கக்கூடாது.

"ஒப்பந்தம் முடிஞ்சுது. ஓடிப்போங்க," என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு பாப்பா."

"தெரியும். அதனாலேதான் ஓடுங்கன்னு சொல்றேன்."

பிறகு செருப்பில்லாத கால் நடந்து போகிற சத்தம். விடிவதற்குள் காட்டுக்குள் போயிருப்பான். நான் அழவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று முதல் நாளே தெரிந்த விஷயத்துக்கு யாராவது அழுவார்களா?

ஆகஸ்ட் 10

தவறாக எழுதிவிட்டேன்.

காலையில் தணிகை மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, கிராணி பங்களாத் தென்னை மரத்துல ஒரு ஆள் பாதியில நிக்குது. ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது!"

பூமாலைக்கு உயரம் என்றாலும் பயமாம். பாராங்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே மேலே போனாராம். ஓலை விழுந்ததில் கிராணியின் கோழிக்கூண்டு நசுங்கியது. இந்தச் சண்டையில் கிராணிக்கு ஏற்பட்ட முதல் நஷ்டம்.

லயமே வாசலில் கூடியிருந்தது. பவுனம்மா முறைப்படி உரக்கக் கேட்டாள்: "யாரு ஓலை கட்றது?"

"தாய்மாமன் பூமாலை கட்றேன்."

குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம்.

பெண்கள் என்னைக் குச்சுக்குள் அழைத்துப் போகும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் மெல்லக் கேட்டேன், "ஏன் ஓடலே?"

"பாதி வழி போயிட்டேன் பாப்பா," என்றார் திரும்பாமல். "நாளைக்கு எவனாவது உன்னை மாமன் இல்லாத பொண்ணுன்னு சொல்லுவான். அத நெனச்சேன். கால் நடக்க மாட்டேன்னுருச்சு."

குச்சு மோசமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்கிறது. உளுந்தங்களிக்கு உளுந்து இல்லாமல் மரவள்ளி மாவில் கிண்டிச் செம்பனை எண்ணெய் ஊற்றினார்கள். பவுனம்மா தன் கல்யாணச் சேலையை எனக்குக் கட்டிவிட்டாள். இவர்களைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடிக்கலாமா என்று பார்த்தேன். பென்சில் குட்டையாகிவிட்டது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13, வெள்ளி

லாரி வந்தது. நான் வெளியே போகக் கூடாது. ஓலை இடுக்கில் அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"பாப்பா, கிழங்கை ஒரு ராத்திரி தண்ணியில போட்டுட்டு அவி. கசப்புக் கிழங்கு விஷம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. வாத்தியார் மகளுக்கு, நாலு ஊருக்குப் பேசுகிற இந்த வாய்க்கு, ஒரு வார்த்தை வரவில்லை. லாரிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அழுதேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14

கங்காணி வீட்டம்மா தணிகையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். "ஆம்பளை இல்லாத வீட்டுல பையன் எதுக்கு?" என்றாளாம்.

குச்சை விட்டு வெளியே வந்தேன். தீட்டு, தீட்டு என்று பெண்கள் கத்தினார்கள். நேராக ஆபீசுக்கு நடந்தேன். கிராணி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஐயா, வீட்டிலே ஒரு பொம்பளை இருக்கான்னுதானே எங்க மாமாவை லாரியிலே ஏத்தினீங்க?"

"ஆமா."

"அந்தப் பொம்பளை நான்தான். நான் இருக்கிற வீட்டுப் பிள்ளையை வேற வீட்டுக்கு எதுக்கு அனுப்பணும்? நான் பொம்பளை இல்லேன்னா இப்பவே ஆள் அனுப்பி மாமாவைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

கிராணி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். எனக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. தீட்டு என்று கத்தியவர்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். பவுனம்மாவின் கையில் உலக்கை.

"கூட்டிட்டுப் போ," என்றார்.

1945 நவம்பர் 18

இரண்டு வருஷம் எழுதவில்லை. கிழங்கு நட்டேன், பிடுங்கினேன், ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டேன், அவித்தேன். அதில் எழுத என்ன இருக்கிறது?

ஜப்பான்காரன் தன் வருஷத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன நாற்பத்தொரு பேரில் ஆறு பேர் திரும்பினார்கள். பவுனம்மாவின் புருஷன் வரவில்லை. அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்.

நேற்றுச் சடையன் என்பவர் வந்தார். ஆறாவது ஆள் அவர்தான். பூமாலை டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றார். உறவு யார் என்று கேட்டதற்கு எவரும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். உறவு இல்லாதவர்களை நாளைத் திங்கட்கிழமைக் கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? அங்கேதான் யாரும் இல்லை.

நவம்பர் 19

விடியுமுன் மாட்டுவண்டி பிடித்தோம். பவுனம்மா, தணிகை, நான்.

வராந்தாவில் பாயில் கிடந்தார். பாதி ஆள்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் காலை மூடினார். வந்த கோபத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை.

"யாரும் இல்லேன்னு சொன்னீங்களாமே? பொய் சொல்ல வெட்கமா இல்லே?"

"சண்டை முடிஞ்சா அவரவர் வழின்னு நீதானே எழுதினே பாப்பா," என்றார் மெதுவாக. "இந்தக் காலோட வந்து உங்க சோத்தைத் திங்கவா?"

மேசையில் இருந்த எழுத்தரிடம் போனேன். "அவர் எங்க ஆள். எங்களோட அனுப்புங்க."

எழுத்தர் காகிதத்தைப் பார்த்தார். "ஒருவரும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறாரே."

"அவர் சொல்றது பொய்."

"இவங்க வாத்தியார் புள்ளைங்க ஐயா," என்று பாயிலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ஐயா," என்றேன், "இவர் எதுக்குச் சயாம் போனார்னு கேளுங்க. நான் பெரியவளானதுக்கு ஊர் பாக்க ஓலை கட்டினார். கட்டாம காட்டுக்குள்ளே ஓடியிருந்தா ரெண்டு காலும் இருந்திருக்கும். மாமனா இல்லாதவர் எதுக்கு ஓலை கட்டணும்?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். பாயைப் பார்த்துக் கேட்டார். "பெரியவரே, ஓலை கட்டினது நீங்கள்தானா?"

அவர் கையை ஊன்றிப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்டினது நெசந்தாங்க."

"அப்படியானால் மாமன்தான். இதில் எனக்கு எழுத வேறு என்ன இருக்கிறது?" என்று சொல்லி, எழுதியதை எழுந்து வந்து அவரிடம் காட்டினார். படிக்கத் தெரியாதவரிடம் காட்டினார், பாவம்.

மாமாவை வண்டியில் தூக்கி வைத்தோம். வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார். சக்கரம் குழியில் இறங்கினால் பயம், மாடு தும்மினால் பயம். இவரைப் போன்ற கோழையை நான் எங்குமே பார்த்ததில்லை. இவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இந்த நோட்டுக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன் என்று தணிகை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனுக்கு எட்டு வயது. அவன் பேச்சை யார் நம்புவார்கள்?